களஞ்சியத்திற்குக் காவலர் யார்?

தமிழ் ஏடுகள் அழிந்த கதையை நாம் மேடைதோறும் சொல்லி வருகிறோம். கடல் கொண்டது என்கிறோம். கறையான் அரித்தது என்கிறோம். ஆடிப்பெருக்கில் ஆற்றோடு விட்டார்கள் என்கிறோம். பகைவர் தீயிட்டனர் என்கிறோம். இவையெல்லாம் உண்மையே. ஆயினும் இந்தப் பட்டியலில் ஒரு குற்றவாளியின் பெயர் மட்டும் எப்பொழுதும் விடுபட்டுப் போகிறது. காக்க வேண்டிய இடத்தில் அமர்ந்துகொண்டு, ஒழுங்கின் பெயரால் தன் கையாலேயே அழித்தவன் அவன். அவனைப் பற்றியே இக்கட்டுரை. அவனை எனக்கு நன்றாகத் தெரியும், அவன் நான்தான்.

பேராக் மாநிலத்துத் தமிழ்ப்பள்ளி ஒன்றின் தலைமையாசிரியன் நான். ரப்பர்த் தோட்டத்து லயன் வீட்டில் பிறந்து, தோட்டப் பள்ளியில் படித்து, ஆசிரியர் பயிற்சி பெற்று, பிள்ளைகளுக்குக் கட்டுரை எழுதக் கற்றுக்கொடுத்தே தலை நரைத்தவன். 2006ஆம் ஆண்டில், என் முன்னாள் மாணவர் அறுவரும் நானும் சேர்ந்து இணையத்தில் ஒரு கதைக் களஞ்சியம் தொடங்கினோம். சம்பளம் இல்லை, விளம்பரம் இல்லை, ஆளுக்கு மாதம் இருபது ரிங்கிட் போட்டு நடத்தினோம். அதில் நாங்கள் சேர்த்தவை வாசகர் புனைவுகள்.

வாசகர் புனைவு யாது?

ஒரு கதையைப் படித்து முடித்த பின்னும் அதன் மாந்தரை மறக்க முடியாத வாசகன், அவர்களை வைத்துத் தானே ஒரு கதை கட்டுகிறான். அதுவே வாசகர் புனைவு. கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை தொடராக வெளிவந்து முடிந்தபொழுது, பிறகு இவர் என்ன ஆனார், அவர் என்ன ஆனார் என்று வாசகர்கள் கேட்டுத் துளைத்தனர். கல்கியே முடிவுரை எழுதி விடை கூற வேண்டியதாயிற்று. அந்த வாசகர்களின் பேரப்பிள்ளைகள்தாம் எங்கள் எழுத்தாளர்கள். 1954இல் கல்கி மறைந்தார். ஆசிரியர் மறைந்து 50 ஆண்டுகள் வரையே காப்புரிமை என்பது நம் நாட்டுச் சட்டம். தமிழ்நாட்டரசும் அவர் நூல்களை நாட்டுடைமை ஆக்கிவிட்டது. ஆகவே அவர் மாந்தரைத் தொட்டு எழுத எங்களுக்குச் சட்டத் தடை ஏதும் இருக்கவில்லை.

யார் எழுதினார்கள்? கையுறைத் தொழிற்சாலையில் இரவு வேலை செய்த பெண் எழுதினாள். லாரி ஓட்டுநர் எழுதினார். ஓய்வுபெற்ற மருத்துவமனை உதவியாளர் எழுதினார். சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டமொன்றில் பால் மரம் வெட்டி வளர்ந்த ஒருவர், இராசேந்திரனின் கடாரப் படையெடுப்பை எடுத்துக்கொண்டு ஒரு கதை எழுதினார். படையெடுப்பு நிகழ்ந்தது 1025ஆம் ஆண்டு வாக்கில். அப்பொழுது பூங்குழலிக்கு வயது எழுபதைத் தாண்டியிருக்கும் என்று கணக்குப் பார்த்து, கெடாக் கரையில் தனியே படகு வலிக்கும் கிழவியாகவே அவளைப் படைத்திருந்தார். சோழக் கப்பல்கள் வருவதைக் கண்டு அவள் மகிழவில்லை; கரையோரக் குடிசைக்காரர்களை ஓடிப்போகச் சொல்லி எச்சரிக்கிறாள். கடாரம் கொண்டான் என்று பெருமை பேசியே பழகிய நமக்கு, கொள்ளப்பட்ட கடாரத்தின் கரையில் நின்று பார்க்கும் கண் ஒன்றை ஒரு தோட்டத்து மனிதர் கொடுத்தார். எந்த இதழில் அது அச்சாகியிருக்கும்?

இவை இலக்கியமா என்று கேட்கும் பெருமக்கள் நம்மிடையே உண்டு. பிறர் பாத்திரத்தைக் கடன் வாங்கியவன் படைப்பாளி ஆகான் என்பது அவர்கள் வாதம். அப்படியானால் வான்மீகியிடம் கடன் வாங்கிய கம்பரை என்ன செய்வது? பாரதக் கதையைத் தமிழில் பாடிய வில்லிபுத்தூராரை எங்கே வைப்பது? இளங்கோவின் கண்ணகியை எடுத்து 1962இல் 'கண்ணகி புரட்சிக் காப்பியம்' பாடிய பாரதிதாசனைப் பட்டியலிலிருந்து நீக்குவதா? பொன்னியின் செல்வனைத் தொடர்ந்து 'நந்திபுரத்து நாயகி' எழுதிய விக்கிரமனை மறுப்பதா? கம்பருக்கு ஒரு நீதி, கையுறைத் தொழிற்சாலைப் பெண்ணுக்கு ஒரு நீதியா?

அவள் கம்பர் அல்லள், ஒப்புக்கொள்கிறேன். எங்கள் களஞ்சியத்துக் கதைகளில் பெரும்பாலானவை சுமாரானவை. சில படிக்கவே முடியாதவை. ஆனால் பரிசுக் குழுவின் வேலை வேறு, களஞ்சியத்தின் வேலை வேறு. பரிசுக் குழு தேர்ந்தெடுக்க வேண்டும். களஞ்சியம் காப்பாற்ற வேண்டும். கோட்டையூர் ரோஜா முத்தையா, ஊரார் குப்பை என்று ஒதுக்கிய பாட்டுப் புத்தகங்களையும் நாடகத் துண்டறிக்கைகளையும் சேர்த்து வைத்தார். அவர் 1992இல் மறைந்த பின், சிகாகோ பல்கலைக்கழகம் அத்தொகுப்பைப் பெற்றது. 1994இல் சென்னையில் அவர் பெயரால் ஆராய்ச்சி நூலகம் அமைந்தது. நல்லது மட்டும் போதும் என்று அவர் பொறுக்கி எடுத்திருந்தால், அந்தக் காலத்துத் தமிழ் மக்கள் எதைப் பாடினார்கள், எதைப் பார்த்துச் சிரித்தார்கள் என்பதற்கு இன்று சான்று ஏது?

இடியும் இயந்திரமும்

களஞ்சியம் நடத்துவது கவிதை படிப்பது போன்றதன்று. கிந்தா பள்ளத்தாக்கில் பிற்பகல் இடி எப்படி இறங்கும் என்பது ஈப்போக்காரர்களுக்குத் தெரியும். தொடக்கத்தில் எங்கள் கணினி ஒரு மாணவர் வீட்டுப் பின்னறையில் இருந்தது. இடி விழுந்து இரண்டு முறை இணைப்புக் கருவி எரிந்தது. பிறகு வாடகைக்கு இடம் பிடித்தோம். 2011இல் அந்த நிறுவனத்தின் வட்டு பழுதாயிற்று. அவர்கள் எடுத்து வைத்திருந்ததாகச் சொன்ன மறுபடியும் திறக்கவில்லை. எழுதியவர்களிடமே திரும்பச் சென்று, பழைய மின்னஞ்சல்களைத் துழாவி, மூன்றில் இரண்டு பங்கை மீட்டோம். மற்றது போயிற்று. அன்று முதல் மூன்று வீடுகளில் மூன்று படிகள் வைப்பது எங்கள் விதியாயிற்று.

அதன் பின் செலவுக்கு அஞ்சி, பெரிய நிறுவனமொன்றின் இலவச இடத்திற்கு மாறினோம். அங்கே இடி விழவில்லை, விதிமுறை விழுந்தது. தோட்டத்துக் கள்ளுக்கடைச் சண்டையைச் சித்திரிக்கும் கதையொன்றை, வன்முறையைத் தூண்டுவது என்று இயந்திரம் ஒன்று முடிவு கட்டி, களஞ்சியம் முழுவதையும் பதினொரு நாள் பூட்டி வைத்தது. நாங்கள் எழுதிய மடலுக்கு வந்த மறுமொழியும் இயந்திரம் எழுதியதே. தமிழ் படிக்கத் தெரிந்த ஒரு மனிதர் அக்கதையைக் கண்ணால் பார்த்தாரா என்பது இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

பெரிய நிறுவனங்கள் காப்பாற்றும் என்று நம்புவோர் சற்றுப் பின்னோக்கிப் பார்க்க வேண்டும். தொடக்க கால இணையத்தில் எத்தனையோ பேர் வீடு கட்டிக் குடியிருந்த ஜியோசிட்டீஸ் 2009 அக்டோபரில் மூடப்பட்டது. தமிழில் இலக்கியமும் வரலாறும் ஆண்டுக்கணக்கில் விவாதிக்கப்பட்ட யாகூ குழுமங்கள் 2020 டிசம்பரில் முற்றாக மூடப்பட்டன. அறிவிப்பு வந்தது, கெடு வந்தது, பூட்டு விழுந்தது. தோட்டத்துத் தமிழனுக்கு இந்த வரிசை புதிதா? துரை மாறுவார், தோட்டம் துண்டாடப்படும், அறிவிப்பு வரும், லயன் இடியும். பிறர் நிலத்தில் நட்ட மரம் பிறருக்கே சொந்தம் என்பதை நம் பாட்டன்மார் உடம்பால் கற்றார்கள். அந்தப் பாடத்தை எழுத்துக்கு மட்டும் நாம் ஏன் மறந்தோம்?

அழித்த கை

இனி என் குற்றத்திற்கு வருகிறேன். எங்கள் பட்டியலில் 137ஆம் எண் கொண்ட கதை, கண்ணகியைப் பற்றியது. சிலம்பை உடைத்து நீதி கேட்கிறாள், அரசன் வீழ்கிறான், ஆனால் அவள் மதுரையை எரிக்கவில்லை. எனக்காக ஒரு நாளும் எரியாத கணவனுக்காக ஊரை ஏன் எரிக்க வேண்டும் என்று தன்னையே கேட்டுக்கொண்டு, புகார் நோக்கி நடந்து போகிறாள். எழுதியவர் தோட்டத்தில் பிறந்து, ஈப்போ ஓரத்து மலிவுவிலை அடுக்ககத்தில் குடியேறி, துப்புரவு வேலை செய்த ஓர் அம்மையார். ஆறாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. சமூக மண்டபத்துக் கணினியில், ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தட்டச்சிட்டது அக்கதை.

2013இல் மூன்று மடல்கள் வந்தன. கற்புக்கரசியை இழிவுபடுத்தும் கதையை ஒரு தலைமையாசிரியரே பரப்பலாமா என்று கேட்டன. மேலிடத்திற்குப் புகார் போகும் என்று ஒன்று எச்சரித்தது. நான் கதையை மறுபடி படித்தேனா? இல்லை. அம்மையாரைக் கேட்டேனா? இல்லை. பண்பாட்டைக் காக்கிறேன் என்று மாணவர்களிடம் சொன்னேன். உண்மையில் நான் காத்தது என் பதவியை. கதையை நீக்கச் சொன்னேன். ஒழுங்கு தவறாத ஆசிரியன் அல்லவா? மூன்று வீடுகளில் இருந்த மூன்று படிகளிலும் நீக்கச் சொன்னேன். நான் வளர்த்த பிள்ளைகள்; சொன்னபடியே செய்தார்கள்.

அம்மையார் 2016இல் காலமானார். இரண்டாண்டு கழித்து அவர் மகள் பள்ளிக்கு வந்தாள். "ஐயா, அம்மா எழுதின கதை ஒண்ணு உங்ககிட்ட இருக்குன்னு சொல்லுவாங்க. நான் அப்போ படிக்கல. இப்போ படிக்கணும்" என்றாள். எங்கும் தேடினோம். அமெரிக்காவில் உலக இணையப் பக்கங்களைப் படியெடுத்து வைக்கும் இணைய ஆவணகத்திலும் தேடினோம். எங்கள் பட்டியல் பக்கம் கிடைத்தது; கதையின் தலைப்பு கிடைத்தது; கதை கிடைக்கவில்லை. இடி செய்யாததை, பழுதான வட்டு செய்யாததை, என் ஒழுங்கு செய்து முடித்திருந்தது.

உ. வே. சாமிநாதையர் சுவடி தேடிக் கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலுக்குப் போனபொழுது, பழுதுற்ற ஏடுகளை விதிப்படி ஓமத் தீயில் இட்டுவிட்டதாகக் கூறினார்களாம். அவர் தம் வரலாற்றில் இதனை எழுதியுள்ளார். பல்லாண்டாக அந்தக் கோயிலாரைப் பழித்து வகுப்பில் பாடம் நடத்தியவன் நான். அவர்களாவது சிதைந்த ஏட்டை இட்டார்கள். நானோ முழு ஏட்டை இட்டேன். இருவர் கையிலும் விதி இருந்தது.

எதை நீக்கலாம், எதை நீக்கலாகாது?

அப்படியானால் எதையும் நீக்கக்கூடாதா, பிள்ளைகள் நடமாடும் இடமாயிற்றே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. முப்பதாண்டுக் காலம் பிள்ளைகளோடு வாழ்ந்த நான் அதனைத் தட்டிக் கழிக்க மாட்டேன். உயிரோடிருக்கும் தனிமனிதரை அவதூறு செய்வது, ஒருவரது முகவரியை வெளியிட்டு மிரட்டுவது, குழந்தைகளைச் சீரழிக்கும் படம், பிறர் எழுத்தைத் திருடித் தன் பெயரில் இடுவது, இவை நீக்கப்பட வேண்டியவை. நம் நாட்டின் 1998ஆம் ஆண்டுத் தகவல் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 233ஆம் பிரிவையும் களஞ்சியம் நடத்துவோர் அறிந்திருக்க வேண்டும். ஆனால் சட்டம் தடுப்பது வேறு. நமக்குப் பிடிக்காதது வேறு. இரண்டையும் ஒன்றாகக் கட்டுபவன் சட்டத்தின் பின்னால் ஒளியும் கோழை. நான் ஒளிந்தேன், அதனால் சொல்கிறேன்.

உலகம் இச்சிக்கலுக்கு ஒரு விடை கண்டிருக்கிறது. 2007ஆம் ஆண்டில் லைவ்ஜர்னல் என்னும் நிறுவனம், புகாருக்கு அஞ்சி நூற்றுக்கணக்கான பக்கங்களை ஒரே வீச்சில் நீக்கியது. வன்கொடுமையிலிருந்து மீண்டவர்கள் ஒருவருக்கொருவர் ஆறுதல் கூறிய குழுக்களும் அதில் அகப்பட்டன. பின்னர் நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. அதே ஆண்டில், வாசகர் புனைவை வைத்துக் காசு பண்ண முனைந்த வணிகர்களைக் கண்டு சலித்த எழுத்தாளர்கள், பெரும்பாலும் பெண்கள், நமக்கென்று ஒரு களஞ்சியத்தை நாமே கட்டுவோம் என்று முடிவு செய்தனர். 'ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன்' என்ற அக்களஞ்சியம் 2009 நவம்பரில் திறக்கப்பட்டது. விளம்பரம் கிடையாது, வாசகர் நன்கொடையே வருவாய், நடத்துவோர் தொண்டர்கள், கணினிகள் அவர்களுக்கே சொந்தம். இன்று அதில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட படைப்புகள் உள்ளன. 2019இல் அறிவியல் புனைவுலகின் உயர்ந்த பரிசாகிய ஹியூகோ அதற்குக் கிடைத்தது. 2020இல் சீனாவில் அது தடைசெய்யப்பட்டது. 2023 ஜூலையில் வெளியாரின் தாக்குதலால் ஏறத்தாழ ஒரு நாள் முடங்கிக் கிடந்து, தொண்டர் உழைப்பால் மீண்டது.

அவர்கள் விதி எளியது. கதையில் கொடூரம் உண்டா, மரணம் உண்டா என்று எழுதுபவரே தலைப்பில் முத்திரை இடவேண்டும். படிப்பதா வேண்டாமா என்பதை வாசகர் முடிவு செய்துகொள்வார். எழுதியவர் அஞ்சினால், தம் பெயரை மட்டும் விலக்கிக்கொண்டு கதையை அங்கேயே விட்டுப் போகலாம். இந்த வழி எனக்கு 2013இல் தோன்றியிருந்தால், 137ஆம் எண் இன்று வெறுமையாய் இராது.

இது மேலைநாட்டுச் சரக்கு என்று ஒதுக்கிவிடாதீர்கள். 1943இல் புதுமைப்பித்தன் அகலிகையை வைத்துச் 'சாபவிமோசனம்' எழுதியபொழுது, இராமாயணம் அறிந்தவர்களுக்கு இது பிடிக்காமல் போகலாம், அதைப் பொருட்படுத்தவில்லை என்ற கருத்தில் கதையின் தலையிலேயே எச்சரிக்கை எழுதி வைத்தார். முத்திரையிட்டு விலகி நிற்கும் அந்த நாகரிகம் தமிழில் அன்றே உண்டு. நாம்தான் அதனை வளர்க்காமல், கத்தரிக்கோலை வளர்த்தோம்.

தமிழர் செய்து காட்டியவை

தொண்டர்களால் எவ்வளவு காலம் நடத்த முடியும் என்று ஐயுறுவோர் இரண்டு பெயர்களை நினைவில் கொள்ளட்டும். 1998 பொங்கல் நாளில், சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த முனைவர் கு. கல்யாணசுந்தரம் முன்னின்று தொடங்கிய மதுரைத் திட்டம், உலகெங்கும் பரவிய தன்னார்வலர்கள் வீட்டிலிருந்தே தட்டச்சிட்டும் மெய்ப்பு நோக்கியும் வளர்த்த நூலகம். எழுத்துரு முறை மாறியபொழுது பல பழைய தமிழ்க் கோப்புகள் படிக்க முடியாத குறிகளாகிப் போயின. அவர்களோ தம் நூல்களைப் பழைய குறியீட்டிலிருந்து ஒருங்குறிக்கு மாற்றிக் காத்தார்கள். காப்பது என்பது ஒருமுறை பூட்டி வைப்பதன்று, காலந்தோறும் பெயர்த்து நடுவது என்பதை அவர்கள் காட்டினார்கள். 2005இல் ஈழத்து இளைஞர்கள் தொடங்கிய நூலகம் திட்டம் மற்றொன்று. 1981இல் யாழ்ப்பாண நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்தன. ஒரே கட்டடத்தில் இருந்தவை ஒரே இரவில் போயின. அந்தச் சாம்பலை அறிந்த சமூகத்திலிருந்து எழுந்தவர்கள், பெரிய நூல்களோடு நின்றுவிடாமல், சிற்றிதழ்களையும் பள்ளி மலர்களையும் நினைவு மலர்களையும் படியெடுத்து உலகுக்கே திறந்து வைத்தார்கள்.

இங்கே நாம் என்ன செய்தோம்? 1957இல் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்த நாட்டில், இன்று ஏறத்தாழ 530 உள்ளன. மூடப்பட்ட தோட்டப் பள்ளிகளின் கையெழுத்து இதழ்கள் எங்கே? மாணவர் மலர்கள் எங்கே? 1924 முதல் நம்மோடு வாழ்ந்த தமிழ் நேசன் 2019இல் நின்றது. அதன் ஞாயிறு மலர்களில் எழுதிய தோட்டத்து எழுத்தாளர்களின் கதைகளில் எத்தனை உங்கள் வீட்டில் உள்ளன? அச்சேறிய நூலின் படிகளைத் தேசிய நூலகத்தில் ஒப்படைக்க 1986ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்கிறது. சங்கத் தொகுப்பு நூலுக்கு அப்படி ஓரிடம் உண்டு. துப்புரவு வேலை செய்த அம்மையாரின் கதைக்கு எங்களைத் தவிர வேறு இடம் இருந்ததில்லை. அந்த ஒரே இடத்தின் சாவி என்னிடம் இருந்தது.

சிங்கப்பூர்த் தமிழர்கள் 2015இல், நாட்டின் பொன்விழாவை ஒட்டி, தங்கள் ஐம்பதாண்டு இலக்கியத்தை மின்வடிவில் தொகுத்துத் தேசிய நூலகத்தில் சேர்த்தார்கள். ஆர்வலர்கள் முன்வந்தார்கள், நூலகம் தோள் கொடுத்தது. நாம் மண்டபம் கட்டுகிறோம், மாலை போடுகிறோம், பொன்னாடை போர்த்துகிறோம். ஓர் இலக்கிய விழாவின் பொன்னாடைச் செலவில் எங்களைப் போன்ற களஞ்சியம் ஓராண்டு நடக்கும். கேட்டுப் பார்த்தேன், கிடைத்தது வாழ்த்துரை.

எழுத்தாளப் பெருமக்களே! நான் கேட்பவை நான்குதாம். ஒன்று, எழுதியதன் படியை ஒருவர் கையில் மட்டும் விடாதீர்கள். மூன்று ஊர்களில் வையுங்கள். இரண்டு, இலவச இடத்தை வாசலாகக் கொள்ளலாம்; வீடாகக் கொள்ளாதீர்கள். மூன்று, களஞ்சியம் வைத்திருக்கும் ஒவ்வொரு சங்கமும் எதை நீக்கும், எதை நீக்காது, யார் முடிவு செய்வார், எழுதியவருக்கு முன்னறிவிப்பு உண்டா என்பதை ஒரு பக்கத்தில் எழுதிப் பலரறிய ஒட்டி வையுங்கள். விதி எழுதப்படாத இடத்தில், அஞ்சியவன் கை ஆளும். நீக்க நேர்ந்தாலும் பொதுப் பார்வையிலிருந்து விலக்குங்கள். சட்டமே கட்டளையிட்டாலன்றிப் படியை அழிக்காதீர்கள். நான்கு, நமக்குப் பின் சாவியை யார் வாங்குவார் என்பதை இன்றே முடிவு செய்யுங்கள். எனக்கு ஓய்வு நெருங்குகிறது. என் மாணவர்களுக்கும் நாற்பது கடந்துவிட்டது.

எங்கள் களஞ்சியம் இன்னும் நடக்கிறது. இலவச இடத்தைத் துறந்து, மறுபடி வாடகை இடத்தில் நடக்கிறது. பட்டியலில் 137ஆம் எண்ணை வேறு கதைக்குக் கொடுக்க மாணவர்கள் விரும்பினார்கள். நான் உடன்படவில்லை. அங்கே கதையின் தலைப்பும், அம்மையாரின் பெயரும், ஒரு வரியும் உள்ளன: "நிர்வாகியால் நீக்கப்பட்டது, படி இல்லை." அவருடைய மகள் அதனைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த மாதம் தான் எழுதிய கதை ஒன்றை அனுப்பி வைத்தாள். அதன் மூன்று படிகள் மூன்று ஊர்களில் இருக்கின்றன. நான்காவது படி அவளிடமே இருக்கிறது. என்னிடம் இல்லை.